வெறும் ‘மெர்ஸி’ சொன்னால் இனிப்பு வராது: பிரெஞ்சு உணவகத்தில் தெஸேர் கேட்கும் முறை

பிரான்சின் லியோன் நகரத்தில் ‘பூஷோன்’ என்று ஒரு வகைச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. சின்ன இடம், நெருக்கிப் போட்ட மேசைகள், அந்த ஊருக்கே உரிய சமையல். முதல் தடவை அப்படி ஒரு கடையில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, சர்வர் தட்டை எடுத்துக்கொண்டே “வூ தெஸிரே அன் தெஸேர்?” என்று கேட்டார். இனிப்பு ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார் என்பது புரிந்தது. பக்கத்து மேசையில் இருந்த ரோஜா நிறத் ‘தார்த்’தின் மேல், அதாவது மாவு ஓட்டில் நிரப்பிச் சுடும் இனிப்பின் மேல், எனக்கு ஏற்கெனவே ஒரு கண். சந்தோஷமாகச் சிரித்து “மெர்ஸி”, அதாவது நன்றி, என்றேன். அவரும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார். இனிப்பு அட்டை வரவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, காபி வேண்டுமா என்று கேட்டார்.

அவர் மேல் தப்பே இல்லை. ஒன்றைத் தரட்டுமா என்று கேட்கும்போது வெறும் ‘மெர்ஸி’ மட்டும் சொன்னால், பிரெஞ்சில் அது பெரும்பாலும் ‘போதும், நன்றி’ என்றுதான் போய்ச் சேரும். நம் பந்தியில் பாயசத்தோடு ஒருவர் வரும்போது இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தால் என்ன அர்த்தமோ, கிட்டத்தட்ட அதே அர்த்தம். வேண்டும் என்றால் முதலில் ‘வீ’, அதாவது ஆமாம், என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “வீ, வொலோந்தியே” என்றால் ‘ஓ, தாராளமாக’. “வீ, அவெக் ப்லேஸீர்” என்றால் ‘சந்தோஷமாக’. வேண்டாம் என்றால் “நோன், மெர்ஸி”. இந்த மூன்றும் கையில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்கும் பெரிய பிரெஞ்சு அறிவு தேவையில்லை, ஐந்தாறு வாக்கியங்கள் போதும். ஆனால் அவை ஏன் அப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், காரணம் தெரிந்தால் வாக்கியம் மறக்காது.

‘தெஸேர்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘தெஸெர்வீர்’ என்ற வினையிலிருந்து வந்தது அது, அந்த வினைக்கு மேசையைத் துடைத்து ஒழிப்பது என்று பொருள். அதாவது சாப்பிட்ட தட்டுகளை எல்லாம் எடுத்த பிறகு வருவது தெஸேர். இன்றைக்கும் நல்ல உணவகங்களில் இனிப்பு வருவதற்கு முன் உப்பு, மிளகுக் குப்பிகளைக்கூட எடுத்துவிடுவார்கள், ரொட்டித் துணுக்குகளை வழித்தெடுப்பதற்கென்றே ஒரு சின்னக் கருவி உண்டு. அங்கே சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருக்கிறது: முதல் தட்டு, முக்கியத் தட்டு, சீஸ், அப்புறம் இனிப்பு, கடைசியில் காபி. இந்த வரிசையையும் அதைச் சுற்றிய பழக்கங்களையும் சேர்த்துத்தான் 2010-இல் யுனெஸ்கோ ‘பிரெஞ்சு மக்களின் விருந்துமுறை’ என்று தன் மரபுப் பட்டியலில் ஏற்றியது. எனவே இனிப்பு என்பது அவர்களுக்கு ஆசைப்பட்டால் கேட்டுக்கொள்ளும் உபரி அல்ல, சாப்பாட்டின் ஒரு பாகம். சர்வர் உங்களிடம் வந்து கேட்பார், அவசரப்பட்டு அழைக்கத் தேவையில்லை.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

தமிழில் மரியாதை வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. குடுங்க, தர்றீங்களா, கிடைக்குமா. ஓட்டலில் நாம் யாரும் ‘தயவுசெய்து’ என்று சொல்வதில்லை, சொன்னால் நாடகம்போல இருக்கும். “அண்ணே, இன்னொரு காபி குடுங்க” என்றால் அந்த ‘அண்ணே’வும் ‘ங்க’வும் எல்லா மரியாதையையும் சுமந்துகொள்ளும். இதை அப்படியே சொல்லுக்குச் சொல் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனால் “தொனே-ம்வா அன் கஃபே” என்று வரும். இலக்கணம் சரிதான், ‘நீங்கள்’ வடிவம்கூட அதில் இருக்கிறது, ஆனாலும் கேட்பவர் காதில் அது கட்டளை. ‘எனக்கு வேணும்’ என்பதைக் கொண்டுபோனால் “ஜெ வெ” என்று வரும், அது இன்னும் மோசம், அடம்பிடிக்கிற குழந்தையின் வாக்கியம் அது. அங்கே பிள்ளைகள் அப்படிச் சொன்னால் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லித் திருத்துவார்கள்: ‘எனக்கு வேணும்’ என்கிற செடி ராஜாவின் தோட்டத்தில்கூட முளைப்பதில்லை என்று. இந்த ஒரு பழமொழியே போதும், ‘ஜெ வெ’ என்பதை உணவகத்தில் ஏன் வாயிலெடுக்கக் கூடாது என்று புரிய.

அதற்குப் பதிலாக வருவதுதான் புகழ்பெற்ற “ஜெ வூத்ரே”. வினை அதேதான், ‘வேண்டு’ என்ற பொருளுடைய ‘வூல்வார்’. ஆனால் வடிவம் மாறிவிட்டது. பிரெஞ்சு இலக்கணத்தில் இதற்கு ‘கோந்திஸியொனெல்’ என்று பெயர், நிபந்தனை வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். ‘முடியுமானால்’ என்ற ஒரு நிபந்தனை அதற்குள் சொல்லாமலே ஒளிந்திருக்கிறது. ‘வேணும்’ என்பது ‘கிடைத்தால் நல்லது’ என்று ஆகிறது, கேட்கப்படுகிறவருக்கு மறுப்பதற்கு ஓர் இடம் விடப்படுகிறது. தமிழில் ‘குடுங்க’ என்பதற்கும் ‘கிடைக்குமா’ என்பதற்கும் இடையே என்ன தூரமோ அதே தூரம். மரியாதை என்ற கருத்து நமக்குப் புதிதல்ல, அது ஒட்டிக்கொள்ளும் இடம்தான் வேறு. இதே அச்சில் ‘முடியும்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து “ஜெ பூரே” வரும், ‘பிடிக்கும்’ என்ற வினையிலிருந்து “ஜெமெரே” வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த ‘ரே’ இருப்பதைக் கவனியுங்கள், மரியாதை அந்த ‘ரே’யில்தான் இருக்கிறது.

அதோடு “சில் வூ ப்லே”. நேர்ப்பொருள் ‘உங்களுக்கு விருப்பமானால்’. நண்பனிடமும் குழந்தையிடமும் “சில் தெ ப்லே”, மற்ற எல்லோரிடமும் “சில் வூ ப்லே”. நீ, நீங்கள் என்ற வித்தியாசம் நம் ரத்தத்திலேயே இருப்பதால் இதில் நமக்கு ஒரு சிரமமும் கிடையாது. சர்வர் பதினெட்டு வயதுப் பையனாக இருந்தாலும் ‘வூ’ தான், அதில் மட்டும் குழம்பாதீர்கள்.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் வணக்கம். பகலில் “போன்ஜூர்”, மாலைக்கு மேல் “போன்ஸ்வார்”. நுழைந்தவுடன் இதைச் சொல்லாமல் நேரே வேலையைப் பேச ஆரம்பித்தால், அதற்கப்புறம் எவ்வளவு ‘சில் வூ ப்லே’ போட்டாலும் அந்தக் குறை முழுதாகத் தீராது என்பது என் அனுபவம். தென் பிரான்சின் நீஸ் நகரத்தில் ‘லா பெதீத் சிரா’ என்ற ஒரு சின்னக் கடை 2013-இல் ஒரு விலைப்பலகை வைத்து உலகச் செய்தியானது. ‘ஒரு காபி’ என்று கேட்டால் 7 யூரோ. ‘ஒரு காபி, சில் வூ ப்லே’ என்றால் 4.25 யூரோ. ‘போன்ஜூர், ஒரு காபி, சில் வூ ப்லே’ என்றால் 1.40 யூரோ. விளையாட்டாக வைத்ததுதான், ஆனால் பிரெஞ்சு மரியாதையின் கணக்கை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாது.

இனி மேசைக்குப் போவோம். முக்கியத் தட்டு முடிந்ததும் சர்வர் வந்து “ஸா ஆ எத்தே?” என்று கேட்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அது இருந்ததா?’ என்பதுபோல் குழப்பும். சாப்பாடு நன்றாக இருந்ததா என்பதுதான் கேள்வி. “வீ, சேத்தே த்ரே போன், மெர்ஸி” என்று சொல்லுங்கள், ரொம்ப நன்றாக இருந்தது என்று பொருள். இங்கே ஒரு எச்சரிக்கை. ‘வயிறு நிறைந்துவிட்டது’ என்று சொல்ல ஆசை வரும், அதை அப்படியே மொழிபெயர்த்து “ஜெ ஸ்வி ப்லென்” என்று ஒரு பெண் சொன்னால், சினையாக இருக்கும் பசுவுக்குச் சொல்லும் சொல் அது. “ஜெ நே ப்லு ஃபேன்” என்றால் போதும், ‘இனிப் பசியில்லை’ என்று கௌரவமாக முடிந்துவிடும்.

பிறகு இனிப்புப் பட்டியல். அவராகக் கொண்டுவரவில்லையென்றால் “எஸ் கெ ஜெ பூரே அவ்வார் லா கார்த் தே தெஸேர், சில் வூ ப்லே?” என்று கேட்கலாம். நீளமாகத் தெரிந்தால் “லா கார்த் தே தெஸேர், சில் வூ ப்லே” மட்டும் போதும், அதுவும் மரியாதையே. ‘மெனு’ என்று கேட்காதீர்கள். நாம் மெனு என்று சொல்வது அங்கே ‘கார்த்’. அவர்கள் ‘மெனு’ என்பது ஒரே விலைக்கு இரண்டு மூன்று தட்டுகள் சேர்ந்து வரும் முழுச் சாப்பாடு. அப்படி மெனு எடுத்திருந்தால் ‘சீஸ் அல்லது இனிப்பு’ என்று அதில் எழுதியிருக்கும், ‘அல்லது’வா ‘மற்றும்’மா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ‘அல்லது’ என்றால் ‘ஊ’, ‘மற்றும்’ என்றால் ‘ஏ’.

கேட்கும் வாக்கியம் மூன்று விதமாக இருக்கலாம். “ஜெ வூத்ரே லா க்ரெம் ப்ரூலே, சில் வூ ப்லே” என்பது எங்கேயும் தவறாகாது. ஆனால் பக்கத்து மேசைக்காரர்களைக் காதுகொடுத்துக் கேட்டால் அவர்கள் அதிகம் சொல்வது “ஜெ வே ப்ராந்த்ர் லா க்ரெம் ப்ரூலே” என்பதுதான், ‘நான் அதை எடுத்துக்கொள்கிறேன்’ என்பதுபோல. இந்த ‘வே’ முன்னால் சொன்ன ‘வெ’ அல்ல, இது நீளும், ‘போகிறேன்’ என்ற வினையிலிருந்து வந்தது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: “பூர் ம்வா, லா க்ரெம் ப்ரூலே, சில் வூ ப்லே”. எனக்கு க்ரெம் ப்ரூலே. வினையே இல்லை, தப்பு செய்ய இடமே இல்லை, கேட்கவும் இயல்பாக இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன்.

பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு, அதற்குத் தகுந்தபடி ‘லெ’ அல்லது ‘லா’ வரும். லா தார்த், லா மூஸ், லா க்ரெம், ஆனால் லெ ஃபோந்தான் (உள்ளே உருகி வழியும் சாக்லேட் கேக்), லெ ஸோர்பே (பால் சேர்க்காத பழ ஐஸ்). மாற்றிச் சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அதற்காக வாயைத் திறக்காமல் இருக்கவும் வேண்டாம். பெயரே வாயில் நுழையவில்லையென்றால் அட்டையில் விரலை வைத்து “சுலுயி-சி, சில் வூ ப்லே” என்று சொல்லலாம், ‘இது ஒன்று’.

உச்சரிப்பு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிரெஞ்சின் ‘த’ நம் ‘த’, ‘ட’ அல்ல. நாக்கு பல்லைத் தொட்டு வரும் ஒலி. அதனால் ‘டார்ட்’ என்று ஆங்கில வழியில் போகாமல் ‘தார்த்’ என்று தமிழ் வாயால் சொன்னாலே மிகவும் நெருங்கிவிடுவோம். ‘தெஸேர்’ என்ற சொல்லிலேயே இன்னொரு லாபம். நடுவில் வரும் ஒலி அதிராத ‘ஸ’, நாம் இயல்பாகச் சொல்வது. அதைத் தேனீ ரீங்காரம்போல அதிரவைத்துச் சொன்னால் அது வேறு சொல், பாலைவனம் என்று பொருள்! நமக்குக் கொஞ்சம் கஷ்டம் இரண்டு இடத்தில்தான். ‘ஜெ’ என்று நான் எழுதியிருப்பதை நம் ‘ஜ’ போல அழுத்தாமல், ‘டெலிவிஷன்’ என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது நடுவில் வருகிற அந்த மென்மையான ஒலியாகச் சொல்ல வேண்டும். அப்புறம் ‘ர’, அது நாக்கு நுனியில் இல்லை, தொண்டையில் உருளும். நம் ‘ர’வையே சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், தென் பிரான்சில் வயதானவர்கள் சிலர் நாக்கு நுனி ‘ர’தான் சொல்வார்கள்.

அட்டையில் என்ன இருக்கும்? க்ரெம் ப்ரூலே நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், மேலே எரித்த சர்க்கரை கண்ணாடிபோல உறைந்திருக்கும், கரண்டியால் தட்டினால் உடையும். ‘தார்த் தத்தான்’ என்பது தலைகீழாகச் சுடும் ஆப்பிள் தார்த், லமோத்-பெவ்ரோன் என்ற ஊரில் ஓட்டல் நடத்திய தத்தான் சகோதரிகளின் பெயரால் வந்தது. ‘ஈல் ஃப்லோத்தாந்த்’ என்றால் மிதக்கும் தீவு, குளிர்ந்த வனிலாப் பால்குழம்பின் மேல் முட்டை வெண்கரு நுரை மேகம்போல மிதக்கும். ‘பாரி-ப்ரெஸ்த்’ சைக்கிள் சக்கரம்போல வட்டமாக இருக்கும், பாரிஸிலிருந்து ப்ரெஸ்த் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தின் நினைவாகவே அந்த வடிவம். லியோனுக்குப் போனால் நான் அன்று தவறவிட்ட ‘தார்த் ஒ ப்ராலீன்’ சாப்பிடுங்கள், ரோஜா நிறச் சர்க்கரை பூசிய பாதாம் போட்டுச் செய்வது. எதை எடுப்பது என்று தெரியவில்லையென்றால் ‘கஃபே கூர்மான்’ கேளுங்கள், ஒரு காபியோடு மூன்று நான்கு குட்டி இனிப்புகள் ஒரே தட்டில் வரும். அல்லது சர்வரிடமே “கெஸ் கெ வூ மெ கோன்செயே?” என்று விட்டுவிடுங்கள். ‘நீங்கள் எதைச் சொல்வீர்கள்?’ என்று அர்த்தம். இதைவிட மரியாதையான கேள்வி அங்கே இல்லை என்றே நினைக்கிறேன். கேட்ட மாத்திரத்தில் அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம், தன் கடையின் சமையலைப் பற்றிப் பேசப் பிடிக்காதவர்கள் அந்தத் தொழிலில் குறைவு.

ஐஸ்கிரீம் எடுத்தால் “கெல் பார்ஃபன்?” என்று கேட்பார்கள். வாசனைத் திரவியத்துக்கும் அதே சொல்தான், இங்கே எந்தச் சுவை என்று கேட்கிறார்கள். ஓர் உருண்டை ‘யூன் பூல்’, இரண்டு ‘தெ பூல்’. சில இனிப்புகளின் பக்கத்தில் ‘சாப்பாட்டின் தொடக்கத்திலேயே சொல்லவும்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும், சூஃப்லே போன்றவை சூடாக அந்த நேரத்திலேயே செய்ய வேண்டியவை. முன்கூட்டிச் சொல்லாமல் கடைசியில் கேட்டால் காத்திருக்க வேண்டிவரும், அல்லது முடியாது என்று விடுவார்கள்.

நம்மில் முட்டை சாப்பிடாதவர்களுக்கு இது ரொம்ப முக்கியமான இடம். “ஜெ ஸ்வி வெஜெதாரியன்” என்று சொன்னால் மட்டும் போதாது. சைவம் என்றால் அங்கே முட்டை சேர்ந்ததுதான், மூஸ், க்ரெம், ஃபோந்தான், எல்லாமே முட்டையின் மேல் நிற்பவை. “எஸ் கில் யா தே-ஸெ தெதான்?” என்று தனியாகக் கேட்க வேண்டும், ‘இதில் முட்டை இருக்கிறதா?’. ஒரு முட்டை என்றால் ‘அன் அஃப்’ என்று கடைசியில் ஃப் கேட்கும், பன்மையில் அந்த ஃப் மறைந்து வெறும் ‘எ’ ஆகிவிடும், அதனால்தான் இப்படி விநோதமாக ஒலிக்கிறது. பன்னா கோத்தா, பவாருவா போன்றவற்றில் ஜெலாத்தீன் இருக்கும், அது விலங்கிலிருந்து வருவது, “எஸ் கில் யா தெ லா ஜெலாத்தீன்?” என்று கேளுங்கள். மது வேண்டாதவர்கள் “எஸ் கில் யா தெ லல்கொல்?” என்று கேட்கலாம். பாபா ஒ ரம் என்பதில் பெயரிலேயே ரம் இருக்கிறது, ஆனால் ‘கொலோனெல்’ என்று அப்பாவியாக எழுதியிருக்கும் எலுமிச்சை ஸோர்பேயின் மேல் வோட்கா ஊற்றித் தருவார்கள், பழக் கலவையிலும் சில சமயம் மது சேர்ப்பதுண்டு. முட்டையில்லாமல் கிடைக்க அதிக வாய்ப்புள்ளது பழ ஸோர்பே, ஆனால் அதிலும் சிலர் வெண்கரு சேர்ப்பார்கள் என்பதால் கேட்டுவிடுவதே நல்லது. இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லவே இல்லை. முன்னால் ஓர் “எக்ஸ்க்யூஸே-ம்வா” போட்டுக்கொண்டால் சமையலறைக்குள் போய்க் கேட்டுவந்து சொல்வார்கள்.

இரண்டு பேர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளத் தயங்க வேண்டாம். “ஓன் வா பர்தாஜே” என்றால் ‘நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம்’, “தெ குயியேர், சில் வூ ப்லே” என்றால் ‘இரண்டு கரண்டி’. அங்கே இது சாதாரணம்.

சர்வரைக் கூப்பிட விரல் சொடுக்குவதோ, பழைய படங்களில் வருவதுபோல் ‘கார்ஸோன்’ என்று கத்துவதோ வேண்டாம். அந்தச் சொல்லுக்குப் ‘பையா’ என்று பொருள், இன்று யாரும் விரும்புவதில்லை. கண்ணைப் பார்த்து லேசாகக் கையை உயர்த்தி “மெஸ்யெ, சில் வூ ப்லே”, பெண்ணானால் “மதாம், சில் வூ ப்லே”. இளம்பெண்ணாக இருந்தாலும் மதாம் என்பதே நல்லது.

காபி இனிப்போடு வராது, இனிப்பை முடித்த பிறகுதான் வரும். ஒன்றாக வேண்டும் என்றால் “அவெக் லெ தெஸேர்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘அன் கஃபே’ என்றால் சின்னக் கோப்பையில் கறுப்பாக வரும் எஸ்பிரஸ்ஸோ, பால் கிடையாது. அதையும் குடித்து முடித்த பிறகு பில் வரும் என்று காத்திருந்தால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும், ஏனென்றால் கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது அங்கே ‘எழுந்து போ’ என்று சொல்வதற்குச் சமம். “லதிஸியோன், சில் வூ ப்லே” என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே அடக்கம், மனம் நிறைந்திருந்தால் சில்லறை நாணயங்களை மேசையில் விட்டுவரலாம். கதவைத் தாண்டும்போது “மெர்ஸி, போன் ஸ்வாரே, ஒ ரெவ்வார்” என்று சொல்லுங்கள். இந்த இடத்தில் ‘மெர்ஸி’ நன்றிதான், வேறு அர்த்தம் இல்லை.